தலையணைக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம்

போன சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தோலை நகத்தால் லேசாகக் கீறி மோந்து பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்துதான் செய்வேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஊறுகாய் மறந்துபோய், புக்கிட் மேரா ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எலுமிச்சைக்கும் புக்கிட் மேராவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

அதற்கு முன் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா புது வேன் வாங்கினாலும் சரி, பழைய வேனுக்கு டயர் மாற்றினாலும் சரி, சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து நசுக்காமல் கிளம்ப மாட்டார். அம்மா வாசல் கிரில்லில் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவாள். மிச்சமிருப்பதைப் பிழிந்து சர்க்கரை போட்டு எங்களுக்குக் கொடுப்பாள். சாமி, திருஷ்டி, ஜூஸ் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் கூடையில் கிடந்த வீடு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மாணவர் பராமரிப்பு நிலையத்தில். பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வந்து அழைத்துப்போகும்வரை பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். பிஸ்கட் கொடுப்பது, வீட்டுப்பாடம் செய்யவைப்பது, அடிதடியை விலக்குவது இதெல்லாம் என் பொறுப்பு. பிள்ளைகள் 'டீச்சர்' என்றார்கள். நான் டீச்சரே இல்லை, ஆனால் அதை யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. அந்த அறைக்கென்று ஒரு வாசனை இருந்தது. ஈரக் காலுறை, தரை துடைக்கிற மருந்து, கூர் சீவிய பென்சில் எல்லாம் கலந்த வாசனை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பது பேரையும் மூலையில் பாய் விரித்து உட்காரவைத்துக் கதை சொல்வேன். பிள்ளைகள் தமிழில் பேசிப் பழக வேண்டும் என்று பொறுப்பாளர் பரீதா அக்காவிடம் பெரிதாக விளக்கம் கொடுத்திருந்தேன். உண்மையில் எனக்குக் கதை அளக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்தது மின்னி என்ற பெண்ணின் கதை. அவளோடு ஒரு காகம் பேசும். அவள் அப்பாவுக்குத் தீராத காய்ச்சல். டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. காட்டில் இருக்கும் ஒரு கிழவி எலுமிச்சம்பழத்தை மந்திரித்துக் கொடுக்கிறாள். மின்னி அதை அப்பாவின் தலையணைக்கு அடியில் வைக்க, விடிவதற்குள் காய்ச்சல் பறந்துபோகிறது. பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை, வீட்டுக்கும் நிலையத்துக்கும் போய்வரும் மூன்றாம் வகுப்பு ஜெனியின் கையேட்டில் அவள் அம்மா எழுதியிருந்தார்: 'மந்திரக் கதை சொல்ல வேண்டாம். நாங்கள் ஆண்டவரை விசுவாசிக்கிறவர்கள்.' இரண்டே வரி. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இருபத்து மூன்று வயதில் யார் சும்மா இருக்கிறார்கள்? கற்பனையின் அவசியம், குழந்தை மனம், மூடநம்பிக்கைக்கும் கலைக்கும் உள்ள வேறுபாடு என்று ஒன்றரைப் பக்கம், பட்டிமன்றத் தமிழில் பதில் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் நகலைப் பரீதா அக்காவிடம் காட்டினேன். அவர் மரைக்காயர் குடும்பம். அவர்கள் வீட்டிலும் சூனியக் கதைக்கு இடமில்லை. ஆனாலும் என் வெள்ளிக்கிழமைகளில் ஒருநாளும் அவர் குறுக்கே வந்ததில்லை. படித்துவிட்டு, "அவங்க கதையத்தான் வேணாம்னாங்க. நீ அவங்களையே முட்டாளுன்னு எழுதியிருக்கே லா" என்றார்.

மறுநாள் மதியம் ஜெனியின் அம்மா ஸ்டெல்லா அக்கா வந்தார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. அரை நாள் லீவு போட்டு, சீருடையோடு வந்திருந்தார். என் கடிதம் நாலாக மடித்துக் கையில் இருந்தது. நான் வாதத்துக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் வாதம் பண்ண வரவில்லை.

"ஜெனி அப்பாவுக்கு மூணு நாள் காய்ச்சல். சனிக்கிழமை எனக்கு வேலை. மத்தியானம் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் குடும்மான்னு சொல்லிட்டுப் போனேன். வந்து பாத்தா மாத்திரை அப்படியே இருக்கு. தலையணைக்கு அடியில எலுமிச்சம்பழம். கேட்டா, மாத்திரை வேலை செய்யாதும்மா, இது போதும்குறா."

இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பரவாயில்லை, இறங்கிவிட்டது என்றார். பிறகு கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"எங்கப்பாவுக்கு மஞ்சக்காமாலை டீச்சர். ஊருல ஒருத்தன் ஆஸ்பத்திரி வேணாம்னு சொல்லி, பழம் மந்திரிச்சுக் குடுத்தான். தெனம் ஒரு பழம் தலைமாட்டுல வெக்கணும். அப்பா போற வரைக்கும் நான்தான் மாத்தி மாத்தி வெச்சேன். அப்ப எனக்குப் பத்து வயசு. நீங்க கற்பனைன்னு எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுக்குள்ள அது கற்பனையா வரல."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன், அது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. இனி வெள்ளிக்கிழமை ஜெனியைப் பாயில் உட்காரவைக்காதீர்கள், தனியாகப் படம் வரையட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஜெனியை எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே வந்து "டீச்சர், நாளைக்கு மின்னிதானே" என்று கேட்கிறவள். மற்ற எட்டுப் பேர் பாயில் இருக்க, அவள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு வரைவதை நினைக்கவே முடியவில்லை. யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீங்களும் வந்து உக்காருங்க அக்கா. எந்த இடத்துல வேணாமோ, அங்கயே நிறுத்துங்க."

வருவார் என்று நான் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து, பிள்ளைகளின் குட்டி முக்காலியில் உட்கார்ந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மின்னி பழத்தை வைத்தாள், காய்ச்சல் இறங்கவில்லை என்று ஆரம்பித்தேன். போன வாரம் இறங்கியதே என்று பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். போன வாரம் டீச்சர் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். ஒன்பது பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் சொல்வது, சொன்னால் நம்புங்கள், கஷ்டம்.

ஜெனி கையைத் தூக்கினாள். "அப்ப அந்தக் கிழவி பொய் சொன்னாளா?"

"ஆமா. பொய்தான் சொன்னா."

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா அக்கா குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடாமல் காகத்தைப் பாலிகிளினிக்குக்கு அனுப்பினேன். அது வரிசை எண் எடுத்து, நாற்காலி முதுகில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அடையாள அட்டை இல்லாமல் மருந்து தர முடியாது என்று சொன்ன தாதியிடம் சண்டை போட்டது. அந்த இடத்தில் ஸ்டெல்லா அக்கா சிரித்துவிட்டார். காகம் பேசலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"பேசட்டும். எங்க சபையிலயே, பைபிள்ல கழுதை பேசின கதை சொல்வாங்க."

அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம், வேலை நேரம் ஒத்துவந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் வந்தார். எலுமிச்சை, தாயத்து, திருநீறு எதுவும் கூடாது. பறப்பது, பேசுவது, மறைவது பரவாயில்லை. ஆளை மயக்கி அடிமையாக்குவது கூடவே கூடாது. பிள்ளைகள் மீன் கடையில் பேரம் பேசுவதுபோல் அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார்கள். ஒருநாள் லிஃப்டுக்குள் நான் ஒரு பேயை வைத்தேன். நல்ல பேய் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நல்ல பேய் என்று ஒன்று கிடையாது டீச்சர் என்று முடித்துவிட்டார். பேய், லிஃப்ட் பழுதுபார்ப்பவராக மாறியது. அந்த விஷயத்தில் இன்றுவரை எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகளுக்குப் பேய் வேண்டும், மந்திரமும் வேண்டும். ஆனால் மருந்து கேட்கவில்லை என்ற அந்த ஒரு வரியை நான் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். மந்திரக் கதை வேண்டாம் என்கிற பெற்றோரைப் பற்றி நண்பர்கள் கேலி பேசினால், நான் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வதில்லை.

ஸ்டெல்லா அக்கா குடும்பம் பாசிர் ரிஸ்ஸுக்கு வீடு மாறிப் போனது. நிலையமும் மூடப்பட்டு, அந்த இடத்தில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. நான் கதை சொல்வதை விடவில்லை. பள்ளி விடுமுறையில் சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் மாடியில் சொல்கிறேன். என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று ஒருவரும் சொல்வதில்லை. பெற்றோர் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கீழே காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். போன விடுமுறையில் வேண்டுமென்றே, ஓர் ஊரையே மயக்கி வேலை வாங்கும் மந்திரவாதியைக் கொண்டுவந்தேன். அவனைக் கடைசிவரை ஜெயிக்கவும் விட்டேன். முடிந்ததும் மாடிப்படியில் போய் நின்றுகொண்டேன், யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இதென்ன கதை டீச்சர் என்று கேட்பார் என்று. எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.