சத்துர்னினோவின் வீங்கிய கன்னம்

பொலிவியாவில் எங்கள் ஒரூரோ ஊரில் சத்துர்னினோ கோல்கேயைப் போல் வாயில்லாப் பூச்சியான பேண்டுக்காரன் கிடையாது. பகலில் கொத்தனார், சாயங்காலம் டிரம்பெட். கார்னிவல் ஊர்வலத்தில் பதினோரு வருஷம் மூன்றாம் வரிசையில் நின்று, முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்தே ஊதியவன். இந்த வருஷம்தான் பேண்டு மாஸ்டர் வென்செஸ்லாவோ மனசு வைத்து அவனை முதல் டிரம்பெட் ஆக்கினார். ஜிகினா கோட்டும் தைத்துக் கொடுத்தாகிவிட்டது. எல்லாம் கூடி வந்த நேரம் பார்த்துக் கீழ் ஈறு வீங்கித் தொலைத்தது.

ஒரே நாளில் வீங்கிவிடவில்லை. அக்டோபரிலேயே பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. ரத்தம் வந்தால் மனுஷன் ஏன் என்று யோசிக்க வேண்டாமா? இவன் பிரஷ்ஷையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டான். "தேய்ச்சாத்தானே ரத்தம் வருது?" என்று மனைவி இலாரியாவிடம் நியாயம் வேறு பேசினான். ஈறு சிவந்து உப்பியது. வெற்றிலை மாதிரி மென்று அடக்குகிற கோக்கா இலையை எப்போதும் இடது கன்னத்தில் வைக்கிறவன், வலித்த வலது பக்கத்துக்கு மாற்றினான். இலையும் அதோடு கடிக்கிற சாம்பல் கட்டியும் சேர்ந்தால் வாய் மரத்துப்போகும். வலி தெரியாவிட்டால் நோய் போய்விட்டது என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு. அதைக் கிளப்பிவிட்டவன் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

ஜனவரியில் ஈற்றை அழுத்தினால் சீழ் கசிந்தது.

"டாக்டர்கிட்ட போய்த் தொலையேன்யா" என்றாள் இலாரியா.

"ஒத்திகை இருக்குடி."

"வாயே அழுகுது, எதை வெச்சு ஊதப்போற?"

அவன் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். இரண்டு நாள் அடங்கிற்று. அதோடு விட்டுவிட்டான்.

கார்னிவலுக்கு முந்தைய வியாழக்கிழமை, கடைசி ஒத்திகை. கன்னம் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இலையை அடக்கிக் கன்னம் புடைத்த ஆம்பிளை எங்கள் ஊரில் தெருவுக்கு நூறு பேர். அவன் ஊதினான். உதட்டோரம் காற்றுப் போய் சுருதி பிசிறடித்தது. மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"டேய், இலையைத் துப்பிட்டு ஊதுடா."

"வாயில ஒண்ணும் இல்ல மாஸ்டர்."

"கன்னத்துல என்ன, உன் மாமியாரா உக்காந்திருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரம் அடிக்கிறவன், "இலையை மூட்டையோட முழுங்கிட்டான் மாஸ்டர்" என்றான். வாயைத் திறந்து காட்டப் பார்த்தான் சத்துர்னினோ. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. ஆத்திரத்தில் அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் கொதித்தது. வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துவரை இறங்கியிருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. இலாரியா அவனை டாக்ஸியில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அப்போதும் ஜிகினா கோட்டை விடாமல் எடுத்துவந்தான். மறுநாள் அங்கிருந்து நேரே ஊர்வலத்துக்குப் போகலாமாம்.

டாக்டர் நியேவெஸ் அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"பல்லும் ஈறும் சேர்ற இடத்துல அழுக்கு படிஞ்சு கல்லா இறுகிக் கெடக்கு. அதுக்குத்தான் முக்கால்வாசிப் பேருக்கு ஈறு வீங்குது. மாசமா இருந்தா வீங்கும், சர்க்கரை இருந்தா வீங்கும், சில மாத்திரைக்கும் வீங்கும். உனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வெறும் அலட்சியம்! ரெண்டு வாரத்துல ரத்தம் நிக்கலன்னா வரணும். சீழ் வந்தா அன்னைக்கே வரணும். காய்ச்சல் அடிச்சு, வாய் திறக்காம, முழுங்க முடியாமப் போனா உயிருக்கே ஆபத்துய்யா, மூச்சே அடைச்சிடும்."

"நாளைக்கு ஊதலாமா?" என்று முனகினான்.

"அக்டோபர்ல வந்திருந்தா சுத்தம் பண்ணி அனுப்பியிருப்பேன். அரை மணி நேர வேலை" என்றாள் அந்த அம்மா. கீறிச் சீழ் எடுத்து, இரண்டு பல்லைப் பிடுங்கி, டிரிப்ஸ் ஏற்றிப் படுக்கவைத்தார்கள்.

சனிக்கிழமை காலை மாஸ்டர் வந்தார். நலம் விசாரித்தபடியே கட்டிலருகே கோட்டு தொங்கிய நாற்காலிமேல் கண்ணை ஓட்டினார்.

"உனக்குப் பதிலா பொத்தோசி ஊர்லேர்ந்து ஒருத்தனை வரவழைச்சிருக்கேன்டா. அந்தக் கோட்டு வேணும்."

இலாரியா வாயைத் திறக்குமுன் சத்துர்னினோவே கோட்டை எடுத்து நீட்டினான். மாஸ்டருக்குச் சங்கடமாகிவிட்டது. ஆறுதல் சொல்ல நினைத்தார், பாவம்.

"மனசை விடாதடா. எனக்கும்தான் நாலு மாசமா தேய்ச்சா ரத்தம் வருது. நான் படுத்துட்டேனா? ஊதுற ஆளுங்களுக்கு இதெல்லாம் சகஜம்."

கோட்டை வாங்க இழுத்தார். வரவில்லை. கோட்டின் ஒரு கையைச் சத்துர்னினோ இறுக்கிப் பிடித்திருந்தான்.

"மொதல்ல பக்கத்து ரூம்ல டாக்டரம்மாகிட்ட போய் வாயைக் காட்டுங்க" என்றான் பல்லைக் கடித்தபடி. மாஸ்டரை எதிர்த்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"டேய், ஊர்வலம் கிளம்புதுடா!"

"கிளம்பட்டும்."

வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் இன்னும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் திட்டிக்கொண்டே பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.