இரண்டாம் ஞானஸ்நானத்துக்கு மறுத்தவர்

பிரதர் ஆசீர்வாதம் சொன்னது பொய். என் புருஷன் செல்லையா இரட்சிப்பை இழந்துவிட்டார் என்று சபை நடுவே நின்று சொன்னாரே, அது பொய். தெரியாமல் சொன்னார் என்று முதலில் விட்டுவிட்டேன். இப்போது தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

சகோதர சகோதரிகளே, நான் அதிகம் படித்தவள் அல்ல. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து கொட்டாஞ்சேனையிலேயே வாழ்க்கைப்பட்டவள். பிறந்த நாளிலிருந்து கிறிஸ்தவச்சி. இந்த விசுவாசத்துக்காக நான் ஒன்றும் கொடுக்கவில்லை, சும்மா கிடைத்தது. என் புருஷனுக்கு அப்படி இல்லை. அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு சைவக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. துறைமுகக் கிட்டங்கியில் கிளார்க் வேலைக்கு வந்த இடத்தில் ஆண்டவரை அறிந்தார். எங்கள் சபை வழக்கப்படி வெள்ளவத்தைக் கடலில் ஞானஸ்நானம் எடுத்தார். செய்தி ஊருக்குப் போனதும் அவருடைய தகப்பன், தனக்கு மூத்த பிள்ளை என்று ஒருவன் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூட இல்லை.

அதற்காக என் புருஷன் தகப்பனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் தினமும் பின்னேரம் குடும்ப ஜெபத்தில் முதலில் தகப்பனுக்காக ஜெபிப்பார். பிறகு சபைக்காக. சபை என்று மொத்தமாகச் சொல்லி முடிக்கிற ஆள் அல்ல அவர். ஞாயிற்றுக்கிழமை யார் எந்த வாங்கில் உட்காருகிறார்களோ, அந்த ஒழுங்கிலேயே வாங்கு வாங்காகப் பேர் சொல்லிப் போவார். முன் வாங்கில் பிரதர் ஆசீர்வாதம், அவருடைய மனைவி ஞானம் அக்கா, அக்காவின் மூச்சிழுப்பு. அடுத்த வாங்கு, அதற்கடுத்தது. அடுப்பில் கறி கருகுகிறது என்று நான் எத்தனையோ தரம் முணுமுணுத்திருக்கிறேன். அவர் கடைசி வாங்கு வரைக்கும் போகாமல் ஆமென் சொல்லமாட்டார்.

ஜப்பான்காரன் குண்டு விழுந்த வருஷத்துக்கு முந்தின வருஷம், தகப்பனுக்கு ஈரலில் வருத்தம் வந்தது. வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கொண்டுவந்து, வெள்ளவத்தையில் இளைய மகன் வீட்டில் வைத்திருந்தார்கள். என் புருஷன் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குப் போவார். கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இவர் கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவார். இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை. பல கிழமை இப்படியே போனது.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். கிழவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் போனா, கொள்ளி வைப்பியோ?"

தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.  இவர் காலைப் பிடித்துவிட்டபடியே சொன்னார்.

"வைப்பன் ஐயா. என்ரை ஆண்டவரை விட்டிட்டு வரமாட்டன். ஆனா உங்களைக் கடைசிமட்டும் கொண்டுபோய் விடுவன்."

கிழவர் திரும்பிப் படுத்தார். மகனுடைய முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தக் கிழமை முடிய முதலே கண்ணை மூடிவிட்டார்.

கனத்தைச் சுடலையில்தான் எரித்தார்கள். நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தவர் என் புருஷன். சடங்கு செய்த ஐயர் அவர் நெற்றியில் திருநீறு பூசினார். இவர் அழிக்கவில்லை. செத்தவரை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கவா என்று பிறகு என்னிடம் கேட்டார். கொள்ளி வைத்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஒரு மூலையில் இருந்து அழுதார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு மாட்டேன் என்றார். தம்பிக்காரன் சிரித்தான். "கொள்ளிக்கு வந்த வேதக்காரன் அந்தியேட்டிக்கு வந்தா தேஞ்சு போவானோ?" என்றான். இவர் சொன்னது: "ஐயா கேட்டது கொள்ளி. அது நான் குடுத்த வாக்கு. இது நான் குடுக்கேல்லை." அத்தோடு அந்த வீட்டுக் கதவும் சாத்தியாயிற்று.

கொள்ளி வைத்த அன்று இவர் திருநீற்று நெற்றியோடு காலிக்குப் போகும் வீதியில் நடந்ததை எங்கள் சபை ஆட்கள் கண்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு பிரதர் ஆசீர்வாதம் எழுந்தார். செல்லையா ஆண்டவரை மறுதலித்தார், வெட்டுண்ட கிளை, பெற்ற இரட்சிப்பை இழந்துபோனார் என்றார். பின் வாங்குக்குப் போகச் சொன்னார். எங்கள் சபையில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களுக்கு என்று கடைசியில் ஒரு வாங்கு உண்டு. திருவிருந்தின் அப்பத் தட்டும் பாத்திரமும் அதற்கு முந்தின வாங்கோடு திரும்பிவிடும். என் புருஷன் எழுந்து, வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் நடந்துபோய் அங்கே உட்கார்ந்தார். தட்டு என் கைக்கு வந்தது. நான் எடுக்கவில்லை. 

ஆராதனை முடிந்து வாசலில் பிரதர் வந்து இவர் தோளில் கை போட்டார். கோபமாக அல்ல, கனிவாகத்தான் கதைத்தார். பயப்பட வேண்டாம், வருகிற கிழமை கடலுக்குப் போய்ப் புதிதாக ஞானஸ்நானம் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். இது அவருடைய வழக்கம். விழுந்தவன் இழந்தவன், இழந்தவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் சபையில் மூன்று தரம் முக்கி எடுக்கப்பட்ட ஒரு சகோதரன் இருக்கிறார். தலை துவட்ட முதலே அவருக்கு அடுத்த பயம் வந்துவிடும்.

என் புருஷன் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

"பிரதர், நான் செய்தது பிழை எண்டா பிழைதான். சபைக்கு முன்னாலை முழந்தாளிலை நிண்டு மன்னிப்புக் கேக்கிறன். ஆனா ரெண்டாந்தரம் தண்ணியிலை இறங்கமாட்டன். இறங்கினா, முதல்தரம் என்னைப் பிடிச்சவர் கையை விட்டிட்டார் எண்டு நானே சாட்சி சொன்னமாதிரி. அவரைப் பற்றி அப்பிடிப் பொய் சொல்ல எனக்கு ஏலாது."

"அப்ப பின் வாங்கிலையே இரும்" என்றார் பிரதர்.

இருந்தார். ஒரு ஞாயிறு தவறாமல் போய் இருந்தார். கொட்டாஞ்சேனையில் கோயிலுக்கா பஞ்சம், வேறு சபைக்குப் போவோம் என்று நான் கத்தினேன். "இது எங்கட வீடு. ஒரு மூலையிலை இருத்தினாலும் வீடுதானே" என்றார். தண்ணீரில் ஒருதரம் இறங்கியிருந்தால் முன் வாங்கு கிடைத்திருக்கும். தம்பியிடம் போய் ஆண்டவரை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த வீடு கிடைத்திருக்கும். இரண்டையும் செய்யாமல் நடுவில் தனியாக நின்ற மனுஷனை நான் பார்த்தேன். எனக்கு இத்தனை வருஷ விசுவாசத்தில் அந்தத் திடம் ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் அவரும் மனுஷன்தானே. கிழமைக்குக் கிழமை அந்தப் பின் வாங்கில் இருந்து, இழந்துபோனவன், இழந்துபோனவன் என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் உள்ளே இறங்கிவிட்டது. வெளியே விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே கலங்கிப் போனார். குடும்ப ஜெபத்தில் வாய் திறப்பதை நிறுத்தினார். நான்தான் ஜெபிப்பேன். ஏன் என்று கேட்டேன்.

"இஞ்சேருமப்பா, நான் கதைக்கலாம். அங்காலை கேக்க ஆள் இருக்கோ எண்டு இப்ப எனக்குத் தெரியேல்லை."

அந்த ஈஸ்டர் ஞாயிறு ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். கொழும்பில் பாதிச் சனம் மூட்டை கட்டியது. கிட்டங்கி வேலையை விட்டு எங்களால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் இவருக்கு நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு, பிடித்தது. டாக்டர் வந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் இடமில்லை, வீட்டிலேயே வைத்திருங்கள், குடலில் புண், ஒரு பருக்கை சோறும் கொடுக்கக் கூடாது, பார்லித் தண்ணீர் மட்டும் என்றார். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனார். எனக்கு விளங்கிவிட்டது.

நினைவு தப்புவதற்கு முதல் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் எங்கை போறன்?" பூரண நம்பிக்கையோடு கடலில் இறங்கிய மனுஷன், சாகக் கிடக்கையில் இதைக் கேட்டார். உயிர் போவதைவிட அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பிரதர் ஆசீர்வாதம் வீட்டுக்கு ஓடினேன். வந்து ஒரு ஜெபம் செய்யுங்கள் என்றேன். மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதிக்கிறாரா என்று கேட்டார். நினைவில்லாத மனுஷன் எப்படிச் சம்மதிப்பது என்றேன். "அப்ப நான் என்ன செய்ய, சிஸ்டர்?" என்றார். உள்ளே ஞானம் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று ஜெபித்தேன். முழந்தாளில் நிற்கவில்லை. அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, உயிரை நான் கேட்கவில்லை, அது உம்முடைய இஷ்டம். இந்த மனுஷன் உம்முடைய கையில் இருக்கிறாரா இல்லையா, அதை மட்டும் சொல்லும். மேய்ப்பன் கையிலிருந்து யாரும் ஆட்டைப் பறிக்க முடியாது என்றீரே. அது உண்மை என்றால் காட்டும். இல்லை என்றால் அதையும் சொல்லும், நான் இனி உம்மிடம் வரமாட்டேன். இப்படித்தான் கேட்டேன். ஆண்டவர் என் மேல் கோபிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ஞானம் அக்கா வந்தார். புருஷனிடம் சொல்லாமல், இழுப்போடு, பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஒரு போத்தல் பார்லித் தண்ணீர். நாங்கள் இருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம். இவருக்குக் கண் திறந்திருந்தது, எங்களைத் தெரியவில்லை. உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நான் குனிந்தேன். தண்ணீர் கேட்கவில்லை. ஜெபித்துக்கொண்டிருந்தார்.

மாதக்கணக்காக வாய் திறக்காத மனுஷன். முன் வாங்கிலிருந்து தொடங்கினார். பிரதர் ஆசீர்வாதத்தைப் பேர் சொல்லி, அவருக்குப் பெலன் கொடும் என்றார். ஞானம் அக்காவின் இழுப்பைச் சொன்னார். அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த வாங்கு. அதற்கடுத்த வாங்கு. பேர்கள் ஒன்றும் தவறவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது, நிறுத்தவில்லை. கடைசி வாங்குக்கு வந்தார்.

"அந்தக் கடைசி வாங்கிலை ஒருத்தன் இருக்கிறான். அவன் உம்மட ஆள். அவனை விட்டிடாதையும்."

பிறகு ஆமென் சொன்னார். நித்திரையாகிவிட்டார்.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. காய்ச்சல் இறங்க முதலே, பிழைப்பாரா என்று தெரிய முதலே கிடைத்துவிட்டது. அவர் ஆண்டவரைப் பிடிக்க முடியாமல் கிடந்தார். அறிவு இல்லை, தெம்பு இல்லை, நம்பிக்கைகூட ஓய்ந்துபோயிருந்தது. பிடி மட்டும் விடவில்லை. அப்படியென்றால் பிடித்திருந்தது இவருடைய கை அல்ல.

காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. டாக்டர் ஆச்சரியப்பட்டார். முதல் கஞ்சி கொடுத்த அன்று நடந்ததைச் சொன்னேன். நான் அப்படிச் சொன்னேனா, பிரதரையும் சொன்னேனா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். ஓம் என்றேன். கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கஞ்சி ஆறும்வரைக்கும் ஸ்தோத்திரம் சொன்னார். இப்போது வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை பின் வாங்கில் இருந்து எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுகிறார்.

ஆண்டவர் பிடித்தவனை விடமாட்டார் என்று போதித்தால் ஆட்கள் துணிந்து பாவம் செய்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். என் புருஷனைப் பாருங்கள். துணிந்து பாவம் செய்தாரா? பிழை என்றால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றவர் அவர் ஒருவர்தான். பயத்தில் திரும்பத் திரும்பக் கடலுக்குப் போகிறவர்களைவிட, பிடிபட்டிருக்கிறேன் என்று தெரிந்தவன்தான் நேராக நடக்கிறான். விழுந்துபோனேன், இனி எனக்கு இடமில்லை என்று அழுகிற சகோதரனே, சகோதரியே, எழும்பு. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேள். ஆனால் அவர் உன்னைக் கைவிட்டுவிட்டார் என்று மட்டும் சொல்லாதே. அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் என்னைப் போலக் கேள். அவர் பதில் சொல்லுவார்.

இதை எழுத வேண்டாம் என்றார் என் புருஷன். "விடுமப்பா, அவர் எங்கட பிரதர்" என்றார். அவருக்கு மன்னிக்கத் தெரியும். ஞானம் அக்காவோ, எழுது, என் பேரையும் போடு என்றார். அந்த ஜெபத்தைக் கேட்ட அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் எல்லாம் சொன்னவர் அவர். காய்ச்சலில் உளறினதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றாராம் பிரதர். அதை அக்காவிடம் அடுப்படியில் சொன்னார். சபையில் சொல்லவில்லை. என் புருஷனை இழந்தவர் என்று சபையில்தான் சொன்னார்.

பிரதர் ஆசீர்வாதம், வருகிற ஞாயிறு அப்பத் தட்டை எடுக்க முதல் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நில்லும். செல்லையா இழந்துபோனவர் என்றால், அன்று அந்தக் கட்டிலில் கிடந்து உமக்காக ஜெபித்தது யார்? பதில் சொல்லும்.