ஆறரை மணி பஸ்ஸும் எங்கள் ஆய்விதழின் தாக்கமும்

எங்கள் ஆய்விதழை யார் படிக்கிறார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே என்ற பயம்தான். வாரநாட்களில் தருமபுரியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தொலைநிலைக் கல்வி மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர். அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கு அன்றுதான் நேரில் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய நேரத்தில் திறந்தநிலை, தொலைநிலைக் கல்வி பற்றித் தமிழில் ஓர் ஆய்விதழை வருடத்துக்கு இரண்டு முறை கொண்டுவருகிறேன். அட்டையின் நிறம் ஒவ்வொரு முறையும் மாறும். உள்ளே அவ்வளவு மாற்றம் இருக்காது.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்களின் பட்டியலைச் சரிபார்க்கிறார்களாம். உங்கள் இதழின் தாக்கத்தை முப்பது நாளுக்குள் அளந்து அனுப்பவும், தவறினால் பெயர் நீக்கப்படும் என்றிருந்தது. நீக்கினால் எனக்குப் போவது கௌரவம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு இதுவரை நான் பெரிதாக எதுவும் செய்ததில்லை. ஆனால் இதழின் துணையாசிரியரான மேடம் எங்கள் கல்லூரியில் ஒன்பது வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். நிரந்தர வேலைக்கான நேர்காணல் அவருக்குத் தை மாதம். அவருடைய இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் எங்கள் இதழில் வந்தவை. பட்டியலில் இதழ் இல்லாவிட்டால் அந்த இரண்டுக்கும் மதிப்பெண் கிடையாது. அவர் அதையெல்லாம் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டு, "எண்ணிடலாங்க சார்" என்றார்.

எண்ணுவது என்றால், மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எங்கள் கட்டுரைகளை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவது. ஆங்கில இதழ்களுக்கு இதைக் கம்ப்யூட்டரே செய்துவிடும். எங்கள் பழைய இதழ்கள் பழைய எழுத்துருவில் இருந்தன. கம்ப்யூட்டர் அவற்றைத் தமிழ் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே நூலகத்தில் உட்கார்ந்து, கிடைத்த ஆய்விதழ்களை எல்லாம் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினோம். மேடம் ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே வந்தார்.

மூன்று வாரம் ஆயிற்று. மொத்தம் நாற்பத்து மூன்று மேற்கோள்கள். அதில் முப்பத்தொன்று எங்கள் இதழிலேயே வந்தவை. அந்த முப்பத்தொன்றும் ஆசிரியராகிய என்னுடைய ஒரே கட்டுரைக்கு.

இதற்கு நான் காரணமில்லை என்று சொல்ல ஆசைதான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை அனுப்புகிறவர்கள் முதல் பத்தியில் ஆசிரியரின் கட்டுரையை ஒரு வரி குறிப்பிட்டுவிடுவார்கள். கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பந்திக்குப் போகிற மாதிரி. நான் கேட்டதும் இல்லை, வேண்டாம் என்றதும் இல்லை. மேடத்தின் இரண்டு கட்டுரைகளிலும் அந்தக் கும்பிடு இருந்தது. அந்தப் பக்கம் வந்தபோது அவர் நோட்டைப் பார்த்தபடியே, "நானுந்தாங்க சார்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வெளி இதழ்களில் வந்த பன்னிரண்டு மேற்கோள்களும் அதே கட்டுரைக்குத்தான், அதிலும் ஒரே வாக்கியத்துக்கு. 'சித்தேரி போன்ற மலைக் கிராமங்களிலிருந்து முற்பகல் பதினொரு மணிக்கு முன் வரப் பேருந்து வசதி இல்லாததால், மாணவர்களால் காலை வகுப்புக்கு வர இயலவில்லை.' பன்னிரண்டு பேரும் பக்கம் 214 என்று போட்டிருந்தார்கள். எங்கள் இதழ் எந்தக் காலத்திலும் எண்பது பக்கத்தைத் தாண்டியதில்லை. முதல் ஆள் தப்பாகப் போட, மற்றவர்கள் அவரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட இதழைத் திறக்கவில்லை என்பது மட்டும் சந்தேகமில்லாமல் நிரூபணமானது.

இந்தக் கணக்கை அனுப்பினால் நாங்களே பெயரை அடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் மேடம் கடிதத்தோடு வந்த படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். 'சமூகத் தாக்கம்: இதழில் வெளியான ஆய்வினால் நடைமுறையில் ஏதேனும் மாற்றம் ஏற்பட்டிருந்தால் சான்றுடன் இணைக்கவும்.'

எனக்கு உயிர் வந்தது. அப்படி ஒரு மாற்றம் நிஜமாகவே நடந்திருந்தது. என் கட்டுரை வந்த சில வருடங்களில், மலைப்பகுதி மாணவர்கள் வரும் மையங்களில் வகுப்பு நேரம் மாற்றப்பட்டது. ஒன்பதரை முதல் மூன்றரை வரை இருந்தது, பதினொன்றரை முதல் ஐந்தரை வரை ஆயிற்று. பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கையில் என் கட்டுரையின் பெயரே இருந்தது. அதை லேமினேட் செய்து வைத்திருந்தேன். இனி வேண்டியது, இதனால் பயன்பெற்ற மலை மாணவர் ஒருவரின் கடிதம் மட்டும்தான்.

ஆளும் கையில் இருந்தார். சித்தேரியிலிருந்து ஒரு பெண் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அங்கன்வாடியில் உதவியாளர் வேலை, இரண்டு பிள்ளைகள். ஞாயிறுதோறும் ஒன்பதரைக்கெல்லாம் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். டவுனில் இருக்கிறவர்கள் பதினொன்றே முக்காலுக்கு வருவார்கள். "மலையிலிருந்து வர்றவங்களைப் பாருங்க" என்று அவரைக் காட்டி வகுப்பில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். அவரிடம் ஒரே ஒரு குறை. மூன்றரை ஆனதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பதிவேட்டில் அரை நாள்தான் விழும். வருகை போதாமல் தேர்வு எழுத முடியாமல், மூன்றாவது வருடமாக அதே வகுப்பில் இருந்தார்.

அந்த ஞாயிறு வராந்தாவிலேயே விஷயத்தைச் சொன்னேன். வகுப்பு நேரத்தைத் தள்ளி வைத்தது உங்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கிறது என்று நாலு வரி எழுதித் தரச் சொன்னேன். அவர் என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலைல எங்கூருல இருந்து ஆறரைக்கே பஸ்ஸு இருக்குதுங்க சார். அரூர்ல மாறி ஒம்பது, ஒம்போதேகாலுக்கெல்லாம் இங்க வந்தர்றேன். சாயங்காலந்தானுங்க கஷ்டம். அரூர்ல மலைக்கிக் கடைசி பஸ்ஸு அஞ்சரைக்கிங்க. அத வுட்டா வூட்டுக்குப் போவ முடியாது."

"முன்னாடி காலையில பஸ் இல்லைதானே?"

"நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப இருந்தே ஆறரைக்கி இருக்குதுங்க. மழ பேஞ்சு ரோட்டுல மரங்கிரம் வுழுந்தா அன்னிக்கி மட்டும் லேட்டாவுங்க."

எனக்கு நினைவு வந்தது. ஒரு மழை நாளில் சித்தேரி மாணவர் ஒருவர் நனைந்தபடி மதியத்துக்கு வந்து நின்றார். ஏன் இவ்வளவு நேரம் என்றேன். பஸ் இல்லைங்க என்றார். அந்த வாரமே கட்டுரையை முடித்துவிட்டேன். மாதிரி அளவு ஒன்று. சித்தேரிக்கு நான் போனதே இல்லை. அரூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்கள். சான்று மூன்று வருடமாக என் வராந்தாவில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தது. நான் அதை ஆர்வம் என்று புகழ்ந்துகொண்டிருந்தேன்.

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நீங்க என்ன எழுதணுமின்னு சொல்லுங்க சார், எழுதித் தர்றேன்."

அந்த வார்த்தைக்கு நான் கூனிக் குறுகிப்போனேன். மூன்று வருடத்தைத் தொலைத்தவர், அதற்குக் காரணமானவனுக்கே நற்சான்று தர உட்கார்ந்துவிட்டார். மேடத்தின் முகத்தைப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நாலு வரி இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது அவருடைய நேர்காணல்தான்.

மேடம்தான் பேசினார். "இப்பச் சொன்னதையே அப்படியே எழுதுங்க."

"மேடம், உங்க இன்டர்வியூ?" என்றேன்.

"தாக்கம் இருந்துச்சான்னுதானே சார் கேட்டிருக்காங்க. நல்லதா கெட்டதான்னு கேக்கலீங்களே." அதற்குப் பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் அந்த வரிய ரெண்டு தடவ எழுதியிருக்கேங்க சார்."

அந்தக் கடிதத்தையே அனுப்பினோம். கூடவே நாற்பத்து மூன்றின் கதையையும், கட்டுரை தவறு என்ற என் ஒப்புதலையும் வைத்தோம். பல்கலைக்கழகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு, வகுப்பு நேரத்தைப் பழையபடி மாற்றச் சொன்னேன். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் என் பிழைதிருத்தம் வந்தது.

மார்கழியில் இரண்டு பதில்களும் வந்தன. எங்கள் இதழ் பட்டியலில் நீடிக்கிறது. மேற்கோள் பிரிவில் மதிப்பெண் குறைவு, சமூகத் தாக்கப் பிரிவில் 'மிக நன்று'. கடிதத்தைப் படித்தார்களா, சுற்றறிக்கையின் லேமினேட்டை மட்டும் பார்த்தார்களா என்று தெரியவில்லை. மேடம் தை மாதம் நேர்காணலுக்குப் போய்வந்தார். முடிவு இன்னும் வரவில்லை.

இரண்டாவது பதில் பல்கலைக்கழகத்திலிருந்து. தற்போதைய வகுப்பு நேரம் ஆய்வின் அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டது, ஆகவே கோரிக்கையை ஏற்க இயலாது என்று எழுதியிருந்தார்கள். கீழே ஆதாரம் கொடுத்திருந்தார்கள். என் பெயர், கட்டுரைத் தலைப்பு, பக்கம் 214.

பிழைதிருத்தத்தை இதுவரை யாரும் மேற்கோள் காட்டவில்லை. போன மாதம் வந்த கட்டுரை ஒன்றின் முதல் பத்தியில் பழைய கும்பிடு அப்படியே இருந்தது. அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். எழுதியவர் கோபித்துக்கொண்டிருப்பார்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு ஒன்பதே காலுக்கே மையத்துக்குப் போய் வகுப்பறையைத் திறந்தேன். சித்தேரிப் பெண் வராந்தாவில் இருந்தார். "உள்ள வாங்க, ஆரம்பிக்கலாம்" என்றேன். மணியைப் பார்த்துவிட்டு, "இன்னும் யாரும் வரலீங்களே சார்" என்றார். நீங்கள் வந்துவிட்டீர்களே என்றேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். பதினொன்றரைக்கு மற்றவர்கள் வந்தபோது இரண்டு மணி நேரப் பாடம் முடிந்திருந்தது. மூன்றரைக்கு அவர் பையை எடுத்தார். வழக்கம்போல் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே வாசலைத் தாண்டினார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக முழு நாள் என்று எழுதினேன்.