மஞ்சள் பூசிய சங்கிலி

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் சிவகாமசுந்தரிக்கு ஒரு பழக்கம். ரவிக்கை தைத்து மிஞ்சும் துணியை, அது விரலகலம் என்றாலும், ரவிக்கையோடே பின் குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "இத வச்சு நான் என்னக்கா பண்றது?" என்று கேட்டால், "உங்க துணி எனக்கெதுக்கு?" என்பாள். அப்பேர்ப்பட்டவள்தான் அன்று சாங்கி விமான நிலையத்தில் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் அவள் நாத்தனார் அன்னம்மா பார்த்த வேலை. மகள் இனியாவின் கல்யாணத்துக்கென்று சிவகாமி திருச்சிக்குப் போய் ஐந்து பவுனில் சங்கிலி வாங்கியதும் நாத்தனார்க்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது நகைக்குச் சிங்கப்பூரில் வரி கேட்பார்களாமே! மஞ்சளைக் குழைத்து, கண்ணிக்குக் கண்ணி தேய்த்து, கழுத்தில் மாட்டிவிட்டாள். "பாருங்க அண்ணி, இருபது வருஷமா போட்டுக் குளிச்ச மாதிரி இருக்கு. யாரு கேக்கப் போறா?"

சிவகாமியும் தலையை ஆட்டிவிட்டாள். விமானம் ஏறிய பிறகுதான் உறைத்தது. இனியா வேலை பார்ப்பதே சுங்கத்துறையில் அல்லவா! அம்மா பிடிபட்டால் பிள்ளை எந்த முகத்தோடு ஆபீஸ் போவாள்? வந்த சாப்பாட்டைத் தொடவில்லை. கழுத்து வேறு அரித்துத் தொலைத்தது.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் எதிரே இரண்டு வழி. வரி கட்ட ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பச்சை, இருப்பவர்களுக்குச் சிவப்பு. பச்சைப் பக்கம் நாலடி வைத்தாள். கால் வரவில்லை, திரும்பினாள். வரியாகப் போகிற பணத்தில் மணமாலைச் செலவே முடிந்துவிடுமே என்று மறுபடியும் பச்சைக்கு வந்தாள். சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டு விறுவிறுவென்று சிவப்புக்குள் நுழைந்தாள்.

அங்கிருந்த இளம் அதிகாரி சங்கிலியைப் பார்த்துச் சிரித்தார். "ஆன்ட்டி, இது பழசுதானே? இங்கேருந்து போட்டுட்டுப் போன நகைக்கு வரி இல்ல லா. நீங்க போகலாம்."

அட கடவுளே! அன்னம்மாவின் மஞ்சள் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. அதிகாரியே போகச் சொல்லிவிட்டார், போயிருக்கலாம். ஆனால் சிவகாமிக்குப் பொறுக்கவில்லை. "பழசில்ல தம்பி, புதுசு!" என்று முந்தானையை எடுத்து அவர் கண்ணெதிரே பரபரவென்று தேய்த்தாள். சேலையெல்லாம் மஞ்சள். சங்கிலி பளபளத்தது. கைப்பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டி, வரியைக் கட்டிவிட்டு வெளியே வந்தாள்.

கண்ணாடித் தடுப்பை ஒட்டி இனியா நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மஞ்சள் பூசின கதைய அத்தை போன்ல பெருமையா சொன்னாங்கம்மா. நீ அங்கயும் இங்கயும் நடந்தத இங்கேருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"நான் மாட்டிக்குவேன்னு பயந்துட்டியா?"

"அதில்லம்மா. நீ கிரீன் பக்கமா வந்திருந்தா, ஒண்ணுமே கேக்காம உன்னைய தோ பாயோவுல நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். நாளைக்கு ஆபீஸ்ல போய் எப்பவும் போல உக்காந்திருப்பேன். அத நெனச்சுத்தான் பயந்தேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிவகாமி மஞ்சள் அப்பிய முந்தானையாலேயே மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.