மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாமை இட்லி

புத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவோடு இருக்குமா, சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று டீக்கடைக்கு டீக்கடை பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்த காலம். அப்போதுதான் திருத்தணிப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக வாய் கிடையாது. அந்த வேலையையும் அவருடைய தாய்மாமனே பார்த்துக்கொண்டார். அந்த மாமன் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. ஜில்லாவையே மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவர் மாதிரி நடப்பார்.

அந்த வருஷம் ஏரி வற்றி நெல் பொய்த்துவிட்டது. மேட்டுக் கொல்லையில் சாமை மட்டும்தான் விளைந்தது. பக்கத்து வீட்டில் அரிசி கேட்டு வாங்கலாம் என்றாள் அம்மா. நைனா ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்ம ஊட்ல இன்னா கீதோ அதத்தான் வெக்கணும். நாளைக்கு அவங்களுக்குத் தெரியாமயா பூடும்?"

சாமையைக் குத்திப் புடைத்து, கல் பொறுக்கியதெல்லாம் நான்தான். உளுந்தைத் தனியாக, பொங்கப் பொங்க ஆட்டினேன். சாமையைக் கொஞ்சம் கொரகொரப்பாகவே வழித்துவிட வேண்டும். மைய ஆட்டினால் இட்லி களியாகிவிடும். காலையில் மாவு சட்டி விளிம்புக்கு ஏறியிருந்தது. பானையில் ஈரத்துணி கட்டி ஊற்றி எடுத்தேன். நிறம் சற்று மங்கல்தான். ஆனால் பஞ்சு மாதிரி வந்திருந்தது.

தாய்மாமன் ஒரு இட்லியை விரலால் அழுத்திப் பார்த்தார், சந்தையில் மாட்டின் திமிலை அழுத்துவது போல.

"இன்னாது, சாமையா? எங்க ஊட்ல இத மாடுதான் துன்னும்" என்று சிரித்தார். "இந்த ஊரு ஆந்திராவுக்குத்தான் போவும். இட்லி சுடத் தெரியாத ஜனம்."

இவ்வளவும் சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தார். மாப்பிள்ளையோ அதற்குள் வேர்க்கடலைச் சட்னியை இரண்டாம் முறை வாங்கியிருந்தார். நைனா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுக்களையிலிருந்து வெளியே வந்து மாப்பிள்ளைக்கு எதிரே நின்றேன்.

"நீங்க இன்னா சொல்றீங்க? நல்லா கீதா, இல்லியா?"

வாய் நிறைய இட்லியோடு அவர் தாய்மாமனைப் பார்த்தார். விழுங்கினார். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"அப்ப உங்க மாமாவையே கட்டிக்கினு இருங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வெளியே ஒரே கூச்சல். பெண்ணை வளர்த்த லட்சணத்தைத் தாய்மாமன் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்தார். வண்டி கிளம்பிய பிறகும் அம்மா அழுதுகொண்டே இருந்தாள். நைனா மட்டும் மெல்ல எழுந்து வந்து, "அவன் ஊட்டு மாட்டுக்கு நல்ல யோகம்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இரண்டு பேரையும் திட்டினாள்.

வாயாடி என்று பேர் பரவி, வெகுகாலம் யாரும் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. பிறகு திருப்பதியில் பஸ் கண்டக்டராக இருந்தவர் வந்தார். நடந்ததெல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். அந்தத் துணிச்சலுக்காகவே சம்மதித்தேன். எல்லை முடிவானபோது திருத்தணி சென்னைப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். அந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.