கிம்சி பாட்டி கடையின் மிட்டாய் ஜாடி

கிம்சி பாட்டியின் கடைக்கு வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடக் கூடாது. போகிறவர்களிடம் "மறுபடி வாங்க" என்று சொல்லவே கூடாது. சவத்துக்கு உடுத்தும் துணி, இறந்தவர்களுக்காக எரிக்கிற காகிதப் பணம், துக்க வீட்டாருக்குச் சணல் அங்கி, இவற்றை விற்கிற கடைக்கு யாரைத்தான் மறுபடி வரச் சொல்வது? புதாய் துறைமுகத்தில் நண்டு சிண்டுக்கும் தெரிந்த விஷயம் இது.

பாட்டி இதற்கென்றே ஒரு மிட்டாய் ஜாடி வைத்திருந்தாள். சாமானைக் கட்டிக் கொடுத்ததும் வாங்கியவர் வாயில் ஒரு மிட்டாய், தன் வாயில் ஒன்று. "வாயில இனிப்பு கிடந்தா வேண்டாத பேச்சு வெளிய வராது" என்பாள். அழுத கண்ணோடு வந்தவர்கள் கன்னம் உப்பத் திரும்பிப் போவார்கள். பாட்டியைப் பிடிக்காதவர் அந்த ஊரில் கிடையாது. ஆனாலும் சும்மா ஒருவரும் கடைப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பிரியம் வேறு, பயம் வேறு.

பேத்தி சூயென் காவ்ஷியுங் நகரத்தில் ராப்பகலாகத் திறந்திருக்கும் பெரிய கடையொன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். அங்கே ஆள் நுழைந்தால் "வாங்க வாங்க", வெளியேறினால் "நன்றி, மறுபடி வாங்க". சொல்லிச் சொல்லி நாக்கு பழகிப் போயிருந்தது. பாட்டி முழங்கால் வலிக்கு வைத்தியரிடம் போன ஒரு மத்தியானம், கடையில் அவள்தான் இருந்தாள்.

லீச்சூ வந்தாள். அவளுடைய மாமியார் அன்று காலையில்தான் இறந்திருந்தாள். கணவன் தெங்ஹாய் மீன்பிடிக்கப் போயிருந்தான். அம்மா போன சேதி அவனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சூயென் எல்லாவற்றையும் சரியாகத்தான் எடுத்துக் கட்டினாள். மிட்டாயை மட்டும் மறந்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நன்றிக்கா, மறுபடி வாங்க."

சிரிப்பு வேறு. லீச்சூ பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றாள்.

"இனிமே எங்க வீட்டுல யாருடி இருக்கா? அவர் ஒருத்தர்தானே" என்றாள். பிறகு போய்விட்டாள்.

சாயங்காலமே வானொலி புயல் வருகிறது என்றது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேர்ந்தன. தெங்ஹாயின் படகு வரவில்லை. தெருவில் சிப்பி உடைக்கும் பெண்களுக்கு விஷயம் எப்படித்தான் எட்டியதோ, கத்தி நிற்காமலே பேசினார்கள்.

"சிரிச்சுக்கிட்டே சொன்னாளாமே!"

"பெரிய கடைக்காரியில்ல, கூப்பிட்டுத்தான் வியாபாரம் பண்ணுவா."

சூயெனின் கண் போகக் கூடாத இடத்துக்கே போனது. ஆண்களுக்கான சவ உடுப்பு அடுக்கில் பெரிய அளவு ஒன்றே ஒன்று இருந்தது. தெங்ஹாய் வாட்டசாட்டமான ஆள். அவள் அந்த உடுப்பை உருவி, காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் திணித்து ஒளித்தாள். ஒளித்த பிறகு பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. வைத்தியரிடமிருந்து திரும்பி விஷயத்தைக் கேட்ட பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை மழை சாய்த்து அடித்தது. எதிர்ச்சாரியில் சிப்பிக் கொட்டகைக்குக் கீழே, சணல் அங்கியோடு லீச்சூ நின்று கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி குடைகூட எடுக்காமல் நொண்டி நொண்டித் தெருவைக் கடந்தாள். சூயென் பின்னாலேயே ஓடினாள்.

"உள்ள வா."

"வர மாட்டேன் பாட்டி. வந்தா பலிச்சிரும்."

"பலிக்கட்டும்னுதான் கூப்பிடறேன். மறுபடி வான்னா வந்து ஒரு சாமான் வாங்கணும், அவ்வளவுதானே? என்ன சாமான்னு இந்தக் கழுதை சொல்லலியே! ஊதுவத்தி வாங்கு. கடல் தாய் கோயில்ல கொளுத்து. சொன்ன சொல்லு அதோட செலவாயிடும்."

லீச்சூ வாசற்படியில் காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றாள். பாட்டி மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தேவிட்டாள். ஊதுவத்திக் கட்டை எடுத்து நீட்டினாள். மூன்று பேர் வாய்க்குள்ளும் மிட்டாய் போனது.

லீச்சூ போனதும் சூயென் கேட்டாள். "நெசமாவே செலவாயிடுச்சா பாட்டி?"

"எனக்கென்னடி தெரியும்? நானே பயந்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

புயல் ஓய்ந்தபின் படகு வந்தது. பெங்ஹூ தீவில் ஒதுங்கியிருந்தார்களாம். தாயை அடக்கம் செய்வதற்குள் தெங்ஹாய் வந்து சேர்ந்துவிட்டான். சூயென் பின்கட்டுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று முதல் மிட்டாய் இல்லாமல் அவள் கடையில் உட்கார்ந்ததே இல்லை.

சில வருஷம் கழித்துக் கிம்சி பாட்டி போனாள். எல்லாம் கடையிலிருந்தே எடுத்தார்கள். தன் உடுப்பைப் பாட்டி எப்போதோ மடித்துத் தனியாக வைத்திருந்தாள். சவப்பெட்டியைத் தூக்கும்போது யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது, சத்தமே கூடாது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் சூயென்தான் மிட்டாய் கொடுத்தாள். அவளுக்குக் கொடுக்கத்தான் ஆளில்லை.

பெட்டி வாசற்படியைத் தாண்டியது.

"பாட்டி, மறுபடி வா" என்றாள் சூயென்.

சுமந்தவர்களின் கால் நின்றது. சிப்பிக்காரிகளில் ஒருத்தி "ஐயையோ" என்றாள். ஆட்கள் பின்வாங்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சாவு யார் வீட்டில் என்பதுதான் எல்லோர் கண்ணிலும் இருந்தது. சூயெனுக்குச் சொன்னதை விழுங்க வழியில்லை.

தெங்ஹாயின் பக்கத்திலிருந்து லீச்சூ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அறையப் போகிறாள் என்றே சூயென் கண்ணை மூடினாள். லீச்சூ ஜாடிக்குள் கையை விட்டு, ஒரு மிட்டாயைச் சூயென் வாயில் திணித்து, இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"வரட்டும்டி" என்றாள் கன்னம் உப்ப. "வந்து ஊதுவத்தி வாங்கிட்டுப் போகட்டும்."