நூலக மாடியில் நான் போட்ட துளை

டாலிகஞ்சில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய பொது நூலகம் இருக்கிறது. கோடையில் கரண்ட் போனால், போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள் செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்காகத்தான் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சோலார் பொருத்தக் கற்றுக்கொள்ளக் கிளம்பினோம். சாந்த்ராகாச்சியில் ஒரு எலக்ட்ரீஷியன் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் பயிற்சி. ஒயரை இணைப்பது, பிளஸ் மைனஸ் சோதிப்பது, கான்கிரீட்டில் துளை போட்டு போல்ட் இறக்குவது. எதையும் ஒரு தடவை பார்த்தால் எனக்கு வந்துவிடும். வந்துவிட்டதென்று மற்றவர்களுக்குக் காட்டாமலும் இருக்க முடியாது.

நூலக மாடியில் மட்டும் துளையே கூடாது என்று ஏற்பாடு. அது கான்கிரீட் இல்லை. சுண்ணாம்பும் உடைத்த செங்கலும் கலந்து நாள்கணக்கில் அடித்துப் போட்ட பழைய தளம். உடைந்தால் மழைத்தண்ணீர் நேராகப் புத்தகங்கள்மேல் இறங்கும். அதனால் சோலார் தகடுகளைத் தாங்கும் ஃபிரேமின் கால்கள்மேல் சிமெண்ட் கட்டைகளைப் பாரமாக வைப்பதென்று முடிவு. நூலகக் கமிட்டி அப்போதும் தயங்கியது. நூலகர்தான், நாங்கள் எல்லோரும் தீதி என்று கூப்பிடும் அக்கா, "ஒரு துளைகூட விழாது, நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார்.

எனக்கு அந்தக் கட்டைகள்மேல் நம்பிக்கை இல்லை. சித்திரையில் சாயங்காலம் புயல் கிளம்பினால் இந்த ஊரில் தகரக் கூரையே பறக்கும். காலுக்கு ஒரு போல்ட் இருந்தால் நல்லது என்று பட்டது. எல்லோரும் கட்டை எடுக்கக் கீழே போயிருந்த நேரத்தில் டிரில்லை எடுத்தேன். சாந்த்ராகாச்சியில் தூள் சாம்பல் நிறத்தில் வரும். இங்கே சிவப்பாக வந்தது. விரல் நீளம் இறங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

முதலில் மேலே வந்தவர் லேக் மார்க்கெட் பக்கம் இட்லிக்கடை நடத்தும் அண்ணா. குழுவில் என்னைத் தவிர அவர் ஒருவர்தான் தமிழர்.

"ஏம்மா, என்ன செவப்பாக் கெடக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணா."

"சிலிகான வச்சு அடைச்சு, மேல கட்டையத் தூக்கி வச்சிரு. எவன் பாக்கப் போறான்."

"தீதி எழுதிக் குடுத்திருக்காங்களே."

"அதுக்குத்தான் சொல்லுதேன். வெளிய தெரிஞ்சா அந்தம்மாவுக்குல்லா கஷ்டம்."

அந்த நியாயம் எனக்கு வசதியாக இருந்தது. சிலிகான் டியூபின் மூக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது தீதி படியேறி வந்தார்.

"ரெண்டு பேரும் தமிழ்ல பேசிக்கிறீங்க," என்றார் பெங்காலியில். "போன தடவை இப்படிப் பேசினப்ப, ஒயர் சோதிக்கிற மீட்டர் உடைஞ்சிருந்தது."

அண்ணா சிரித்து மழுப்பினார். துளையை என் செருப்பால் மறைத்திருந்தேன். காலை எடுத்தேன்.

தீதி திட்டவில்லை. வேலையை நிறுத்தச் சொன்னார். துளையைச் சுற்றி மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் விட்டோம். கீழே படிப்பறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். படிக்க வந்தவர்களும் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தார்கள். நாலு மணிக்கு உத்தரத்தை ஒட்டி உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்து தீதி கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். தன் மேற்பார்வையில் ஒரு துளை விழுந்துவிட்டது, கொத்தனார் சரிசெய்த பிறகே வேலை தொடரும் என்று. என் பெயர் அதில் இல்லை.

"என் பேரைப் போடுங்க தீதி."

"போட்டா உன்னை வர வேண்டாம்னுடுவாங்க. மிச்சக் கட்டையை யார் தூக்குவா?"

கமிட்டிக் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. போனேன். தீதியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். துளை போட்டது நான், அவருக்குத் தெரியாமல் போட்டேன் என்று சொன்னேன். அரை மணி நேரம் பேசிவிட்டு, வேலை நடக்கட்டும், ஆனால் இந்தப் பெண் எந்தக் கருவியையும் தொடக்கூடாது என்று தீர்மானத்தில் எழுதினார்கள்.

வெளியே வந்ததும் தீதி, "நீ சொல்ல வேண்டாம்னுதானே உன் பேரை விட்டுட்டு எழுதினேன்," என்றார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு, புதன்கிழமை கொத்தனார் வருகிறார், சுண்ணாம்பு குழைக்க ஏழு மணிக்கே வந்துவிடு என்றார்.